பாய்... லாஸ்ட் எவ்ளோ?

அப்பாவோட பழைய கார் உங்க கைக்கு வந்துவிட்டதா? வாழ்த்துகள்! வந்த மறு வாரமே எவனோ ஒரு பைக் ஆசாமி சைடு மிர்ரரை உடைத்துவிட்டுப் பறந்துவிட்டானா? அனுதாபங்கள்! சர்வீஸ் சென்டரில் புது மிர்ரருக்குச் சொன்ன விலையைக் கேட்டு, 'ஹாஸ்டல் மெஸ் பில்லே இவ்வளவு வராதே' என்று தலை சுற்றுகிறதா? அப்படியே எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, கூவம் பக்கமாக நடையைக் கட்டுங்கள். புதுப்பேட்டை உங்களை அன்புடன் வரவேற்கிறது!

புதுப்பேட்டை என்றதும் 2006-ல் தனுஷ் நடித்து வந்த படம் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறதென்றால், நீங்கள் இன்னும் சொந்தக் காசில் கார் ரிப்பேர் பார்த்ததில்லை என்று அர்த்தம். கழட்டிய கதவுகள் லைப்ரரி புத்தகம் மாதிரி வரிசையாக நிற்கும். சைலன்ஸர்கள் வாழைத்தார் மாதிரி தொங்கும். பம்பர், ரேடியேட்டர், ஸ்டியரிங், ஹெட்லைட் என்று ஒரு காரையே துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்துவிடலாம். ஒன்றே ஒன்றுதான் எங்கேயும் கண்ணில் படாது. விலைச் சீட்டு!

பாக்கெட்டில் வரும் புது பார்ட் என்றால் அதன் மேல் எம்.ஆர்.பி. அச்சடித்தே ஆகவேண்டும். கழட்டின பார்ட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. விலை உங்க வாயிலிருந்தும் கடைக்காரர் வாயிலிருந்தும்தான் பிறக்க வேண்டும். 'அவன் சொல்றதுல பாதிக்குக் கேளுடா மச்சான்' என்று சீனியர்கள் சொல்லித்தரும் ஃபார்முலா இங்கே செல்லாது. ஏன் செல்லாது, எதுதான் செல்லும் என்பதுதான் மேட்டர்.

எலுமிச்சம்பழ தியரி

கொஞ்சம் எகனாமிக்ஸ். பயப்படாதீங்க, எக்ஸாம் கிடையாது.

ஜார்ஜ் அகர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் தலை நிமிர்ந்து உட்காரலாம்!) கடைசியில் 1970-ல் வெளியானது. 2001-ல் அவருக்கு இன்னும் இரண்டு பேரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தபோது, முக்கியக் காரணமே அந்தக் கட்டுரைதான்.

அமெரிக்காவில் ஓட்டை உடைசல் காருக்கு 'லெமன்' என்று பெயர். நம்ம ஊரில் புது கார் டயருக்கு அடியில் வைப்பதும் அதே எலுமிச்சம்பழம்தான், அது வேறு விஷயம்! அகர்லாஃப் சொன்னது சிம்பிள். கார் நல்லதா, மோசமா என்று விற்கிறவருக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாததால் அவர் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டுக் குறைத்துக் கேட்கிறார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டே போய்விடுகிறார். மிஞ்சுவது லெமன் மட்டும்.

கார் இருந்த இடத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்துப் பாருங்கள். கண்மூடித்தனமாகப் பாதி விலைக்கு அடம்பிடித்தால் என்ன ஆகும்? கடைக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார். உள்ளே போய், பாதி விலைக்குத் தகுந்த ஸ்டார்ட்டரை எடுத்து வருவார். நீங்க ஜெயிச்சாச்சு. கார்தான் ஸ்டார்ட் ஆகாது.

ஆக, பேரம் என்பது ரூபாயைக் குறைக்கிற சண்டை மட்டும் இல்லை. அந்தப் பார்ட் வேலை செய்யாமல் போனால் நஷ்டம் யாருக்கு என்பதைப் பேசி முடிக்கிற ஏற்பாடு. இது புரிந்தால் பாதி வியாபாரம் முடிந்தது.

விலை எங்கே ஒளிஞ்சிருக்கு?

கடைக்காரர் சட்டென்று ஒரு நம்பர் சொல்கிறாரே, அது வானத்திலிருந்து குதிப்பதில்லை. அதற்குக் கூரையும் உண்டு, தரையும் உண்டு.

கூரை, புது பார்ட்டின் விலை. பழசு அதைத் தாண்ட முடியாது. இங்கே ஒரு லேட்டஸ்ட் சமாசாரம். பல பார்ட்ஸுக்கு 28 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதம் ஆகிவிட்டது. 'புதுசு இவ்வளவு தம்பி' என்று அவர் சொல்கிற கணக்கு பழைய கணக்காக இருக்கலாம். கிளம்பும் முன்பே நீங்கள் இன்றைய விலையை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

தரை, காயலாங்கடை விலை. அதே பொருளை எடைக்குப் போட்டால் என்ன வருமோ, அதற்குக் கீழே யாரும் தரமாட்டார்கள். அலுமினியத்துக்கு ஒரு ரேட், இரும்புக்கு ஒரு ரேட். அலாய் வீலை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அவர் ஏன் முறைக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

இரண்டுக்கும் நடுவில் விலையை ஏற்றி இறக்குவது, அந்தப் பார்ட் வேறெங்கே கிடைக்கும் என்பது. மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றது. அம்பாசடரும் அதே வருடம் நின்றது. செவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலை 2022-ல் கார் செய்வதை நிறுத்தியது. ஆனால், ரோட்டில் ஓடும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கம்பெனி போன பிறகு டோர் ஹேண்டிலோ டெயில் லேம்ப்போ சுலபத்தில் கிடைக்கவில்லை என்றால், கடைக்காரரின் குரலில் தானாகவே ஒரு கம்பீரம் வந்துவிடும். அங்கே ரொம்ப இழுக்காதீங்க. தெருத்தெருவாக அலையாமல் ஸ்விஃப்ட்டுக்கு நாலு கடையில் கிடைக்கிற பொருளுக்கு இழுக்கலாம், தப்பில்லை.

ஹோம்வொர்க் இல்லாமப் போகாதீங்க

சின்ன டிராமா. ஒரு கடை வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

''அண்ணே, ஸ்டார்ட்டர் மோட்டார் எவ்ளோ?''

''எந்த வண்டி தம்பி?''

''ஸ்விஃப்ட்ணே.''

''பெட்ரோலா, டீசலா? எந்த வருஷம்?''

''அது... அப்பாகிட்டதான் கேக்கணும்.''

அவ்வளவுதான். இந்த செகண்டில் விலை ஏறிவிட்டது. அவர் ஏமாற்றுக்காரர் என்பதால் இல்லை. தப்பான பொருளை வாங்கிப் போய், நாளைக்குத் திரும்பிவந்து தகராறு செய்யப்போகிற முகம் உங்களுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தலைவலிக்கும் சேர்த்துத்தான் விலை.

அதனால் கிளம்பும் முன் மூன்று விஷயங்கள். வண்டியின் மாடல், வருடம், எரிபொருள் மூன்றையும் ஆர்.சி. பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பார்ட்டில் ஸ்டிக்கரிலோ அச்சிலோ ஒரு பார்ட் நம்பர் இருக்கும், அதை போட்டோ எடுங்கள். முடிந்தால் பழசையே கையோடு கொண்டுபோங்கள். பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிடப் பெரிய டெஸ்ட் கிடையாது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் மாதிரி ஐட்டம் என்றால் பழசைக் கழித்துக்கொண்டு விலை போடும் கடைகளும் உண்டு.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஸ்பெஷல் குறிப்பு. 2007-ல் இருந்து நடக்கும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்கு வண்டி கட்டும் டீம்கள் பலவும் மஹிந்திரா ஆல்ஃபா மூணு சக்கர வண்டியின் கியர்பாக்ஸைத் தேடி அலைவது ஊரறிந்த ரகசியம். 'காலேஜ் ப்ராஜெக்ட்ணே, பாத்து பண்ணுங்க' என்று கெஞ்சுவதைவிட, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, ஆயிலில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று விரலில் தேய்த்துப் பாருங்கள். விலை தானாகவே நியாயத்துக்கு வரும். விவரம் தெரிஞ்ச பையன் என்ற மரியாதைக்கு எப்போதும் ஒரு டிஸ்கவுன்ட் உண்டு.

ஒரே பொருள், ரெண்டு விலை

இப்போது கணக்கு. கடைக்காரர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 'இப்படியே எடுத்துட்டுப் போறியா, 1,800. ஒரு வாரம் டைம், ஓடலைன்னா மாத்தித் தர்றேன்னா 2,200.' எது சீப்?

1,800 என்று கத்தினால் உட்காருங்கள். ஐந்தில் ஒரு பீஸ் புட்டுக்கொள்ளும் ரகம் என்று வைத்தால், 1,800 வீதம் ஐந்து பீஸுக்கு 9,000 ரூபாய். ஓடுவது நாலு. ஓடுகிற ஒரு பீஸின் நிஜ விலை 2,250! கேரன்ட்டியோடு வாங்கினால் 2,200. ரெண்டாவது தடவை மாட்ட மெக்கானிக் கேட்கும் கூலியை இன்னும் கூட்டவே இல்லை. ப்ராபபிலிட்டி பேப்பர் வாழ்க்கையில் எங்கே உதவும் என்று கேட்டீர்களே, இங்கேதான்.

அதனால் முதல் கேள்வி 'லாஸ்ட் எவ்ளோ' இல்லை. 'சேரலைன்னா என்ன பண்ணுவீங்கண்ணே?' என்பதுதான். மாற்றித் தருவாரா, பணமே தருவாரா, எத்தனை நாள் டைம் என்று பேசிவிட்டுப் பிறகு விலைக்கு வாங்க. பேசியதை பில்லிலோ துண்டுச்சீட்டிலோ பார்ட் நம்பரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் அது 1,800 ரூபாய் சரக்கு என்றே நினைத்துப் பேசுங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் விஷயத்தில் டபுள் உஷார். வண்டியின் மூளையான இ.சி.யு.வை நம்பர் மேட்ச் ஆகாமல் வாங்கினால், இம்மொபிலைஸர் ஒத்துக்கொள்ளாமல் கார் சிலையாகிவிடும். மாற்றித் தரும் பேச்சு இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

பேரத்துக்கும் மரியாதை உண்டு

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? விலை இரண்டு பேருக்குள் இருக்கவேண்டிய விஷயம் என்பதுதான் அதன் சூட்சுமம். பார்ட்ஸ் கடையில் துண்டு கிடையாது. மரியாதை மட்டும் அதேதான்.

* வாயில் விட்ட விலை வாக்கு. நீங்கள் '1,500-க்குத் தர்றீங்களா?' என்று கேட்டு அவர் 'சரி, எடுத்துக்கோ' என்றால், எடுத்துத்தான் ஆகவேண்டும். 'சும்மா கேட்டேன்ணே' என்பது செம மொக்கையான பதில். வாங்குகிற ஐடியா இல்லையா? நம்பரே சொல்லாதீங்க.

* போணி நேரம் பார்த்துப் போங்க. காலையில் முதல் ஆளாகப் போய், அரை மணி நேரம் இழுத்து, வாங்காமல் நடையைக் கட்டினால் அன்று முழுக்க உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். நல்லபடியாக இல்லை!

* பொருளைக் கேவலப்படுத்தாதீங்க. 'என்னண்ணே இது, குப்பை' என்றால் 'அப்ப ஏன் தம்பி குப்பையை வாங்க வந்தே?' என்பார். குறையைக் குறையாகச் சொல்லுங்கள். 'இந்த கிளிப் உடைஞ்சிருக்கு, லைட்டுக்கு உள்ளே தண்ணி இறங்கியிருக்கு' என்று கையால் தொட்டுக் காட்டினால் அதற்கு விலை குறையும். பொத்தாம் பொதுவாகத் திட்டினால் குறையாது.

* பக்கத்துக் கடையை வைத்துப் பொய் சொல்லாதீங்க. தன்னிடம் இல்லாத பார்ட்டை இன்னொரு கடையில் வாங்கித் தருவது இந்தத் தொழிலில் சகஜம். 'அங்க ஆயிரத்துக்குத் தர்றாங்க' என்ற உங்க டகால்டி ஒரே போன் காலில் வெளுத்துவிடும்.

* வண்டியிலிருந்து கழட்டவேண்டிய பொருள் என்றால், ஸ்பேனரை எடுக்கும் முன்பே விலையை முடியுங்கள். பையன் அரை மணி நேரம் வியர்வை சிந்திக் கழட்டிய பிறகு 'வேணாம்' என்பது நியாயமே இல்லை.

* எட்டுப் பேர் கும்பலாகப் போகாதீங்க. போனாலும் ஒருவர் மட்டும் பேசுங்கள். நீங்கள் 1,500-ல் நிற்கும்போது பின்னாலிருந்து 'மச்சி, 2,000 வரைக்கும் இருக்குடா' என்று ஒரு நல்லவன் கத்துவான்.

* மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் அவர் கூலியைத் தனியாகப் பேசி, நீங்களே கொடுங்கள். இல்லாவிட்டால் அது கமிஷனாக மாறி, பார்ட் விலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

* படியவில்லையா? 'பரவாயில்லண்ணே, இன்னொரு நாள் வர்றேன்' என்று சிரித்துவிட்டு நகருங்கள். கூப்பிட்டால் லாபம். கூப்பிடாவிட்டால் அவர் சொன்னது நிஜமாகவே கடைசி விலை. நாலு கடை ஏறி இறங்கித் திரும்பி வரவும் வெட்கப்பட வேண்டாம்.

* நல்ல விலைக்கு வாங்கிவிட்டீர்களா? கடை வாசலில் நின்று அடுத்த கஸ்டமரிடம் அதை ஒலிபரப்பாதீங்க. துண்டு, பாஸ், துண்டு!

இதுக்கு பேரமே வேண்டாம்

எவ்வளவு சீப்பாகக் கிடைத்தாலும் பழசில் வாங்கக்கூடாத லிஸ்ட் ஒன்று இருக்கிறது. ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக் பேட், பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட். ஏர்பேக் ஒரே ஒரு தடவை வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. ப்ரீடென்ஷனர் வைத்த சீட் பெல்ட்டும் அப்படித்தான், ஒரு விபத்தில் இழுத்தால் அதோடு சரி. டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்க நம்பரைத் தேடுங்கள். 3419 என்றிருந்தால் 2019-ம் வருடம் 34-வது வாரம் பிறந்தது என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருந்தாலும், வயசான ரப்பர் வயசான ரப்பர்தான். இந்த லிஸ்ட்டில் மிச்சம் பிடிக்கும் 500 ரூபாய், பின் சீட்டில் உட்காரும் நண்பனின் உயிரிலிருந்து எடுத்தது.

இன்னொரு வகை பயம், நம்ப முடியாத அளவுக்கு விலை குறைவாக இருப்பது. திருட்டு வண்டியைப் பிரித்து விற்பவனுக்கு முதல் கிடையாது, அதனால் எந்த விலையும் அவனுக்கு லாபம்தான். எல்லா ஊர் பழைய பார்ட்ஸ் சந்தைக்கும் இருக்கும் தலைவலி இது. உத்தரப்பிரதேசத்தில் மீரட் நகரின் சோதி கஞ்ச், திருட்டு வண்டிகளைப் பிரிக்கும் இடம் என்றே பெயர் வாங்கியது. 2021 டிசம்பரில் போலீஸ் நடவடிக்கையில் அந்தச் சந்தையே மூடப்பட்டது. கேள்வி கேட்காமல் வாங்க ஆள் இருந்ததால்தானே அது அத்தனை காலம் ஓடியது?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் 3 வருடம் வரை சிறை உண்டு. 'எனக்குத் தெரியாது சார்' என்பதற்கு உங்கள் கையில் இருக்கவேண்டிய ஆதாரம் பில். 'எந்த வண்டியில கழட்டினதுண்ணே?' என்று கேட்பதில் தப்பே இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏலத்தில் எடுத்த விபத்து வண்டி என்றால் நேர்மையான கடைக்காரர் சொல்லிவிடுவார். முழு இன்ஜின் வாங்கினால் கூடுதல் கவனம். அதில் நம்பர் உண்டு, அது ஆர்.சி.யில் ஏறவேண்டும். நம்பரை உரசி அழித்த இன்ஜினை இலவசமாகக் கொடுத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நீங்க விக்கிற பார்ட்டியா?

சீட் மாறுகிறது, ஆனால் ரூல் மாறவில்லை. குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். கீறல் விழுந்த அலாய் வீலின் கீறலைத்தான் முதல் போட்டோவாக அனுப்ப வேண்டும். ஜூனியரிடம் 3,000-க்கு ஓகே சொல்லிவிட்டு, 200 ரூபாய் கூடத் தருகிறான் என்று பக்கத்து பிளாக் பையனுக்குக் கொடுப்பது அசிங்கம். கடையில் விற்றால், அவர் கேட்கும் விலை குறைவாகத்தான் இருக்கும். அந்தப் பார்ட்டுக்கு ஆள் வரும் வரை மாதக் கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் இல்லையா?

ஆனால், கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சைலன்ஸரோடு இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் உண்டு. அதை இரும்பு விலைக்குக் கொடுத்தால், வாங்கியவர் வீட்டில் அன்றைக்கு பிரியாணி. பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது, அதற்கும் தனி விலை உண்டு.

முழுக் காரையும் பிரிக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் பணத்தை எண்ணிவிட்டு மறந்துவிடக் கூடாது. வண்டி இனி ஓடாது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் வண்டி செத்தாலும் நம்பர் உங்க பெயரில் உயிரோடு இருக்கும், அது எவன் வண்டியில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுமோ! 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது சொந்தக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவிகிதம் வரை சலுகைக்கு வழி இருக்கிறது. கடையில் கூடுதலாகக் கிடைக்கும் ரொக்கத்தோடு இதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று. நூறு ரூபாய் கூடப் போட்டு வாங்கிவிட்டோமோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மண்டையைக் குடையும். குடையட்டும். ஆனால், அந்தக் கடைக்காரர் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா, பில் பாக்கெட்டில் இருக்கிறதா, பொருள் ஓடாவிட்டால் அதே வாசலில் தைரியமாகப் போய் நிற்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், நீங்கதான் பாஸ் நல்ல பேரம் பேசியிருக்கீங்க!